கடிகார மேக்ரோ படங்கள்: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

கையால் மெருகேற்றிய கடிகாரத்தை லென்ஸுக்கு முன் வைத்தால் அதன் முள், ஸ்க்ரூ தலை, பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), பிரிட்ஜ் (உள்ளே சக்கரங்களைத் தாங்கும் தகடு) விளிம்பு எல்லாமே எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும். அதனால் படம் கெட்டுப்போனால் கேமரா மெனுவைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பரப்பு இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? அறை விளக்கை அணையுங்கள். லென்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள். விளக்கு தெரிகிறதா, உத்தரம் தெரிகிறதா, உங்கள் சட்டை தெரிகிறதா? பெரும்பாலான பிழைகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கீழே உள்ளவை 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் மாட்டிய ஒரு ஃபிளாஷ் ஆகியவற்றை வைத்து எழுதியவை. கூடவே டிரேசிங் பேப்பர் நாலைந்து தாள், வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை, அரை மீட்டர் கறுப்பு வெல்வெட் வேண்டும். வெல்வெட்டுக்குக் கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா, பினாங்கில் லிட்டில் இந்தியா துணிக்கடைகள் போதும். வெட்டிய ஓரத்திலிருந்து இழை உதிர்ந்துகொண்டே இருக்கும். நான்கு ஓரத்தையும் டேப் ஒட்டி அடைத்த பிறகே கடிகாரத்தின் பக்கம் கொண்டுவாருங்கள்.

பிரிட்ஜின் விளிம்புச் சரிவு தெரியவே இல்லை

ஆங்லாஜ் எனப்படும் இந்தச் சரிவுக்காகத்தான் பிலிப் துஃபூர், காரி வூட்டிலைனென் போன்ற கடிகாரக் கைவினைஞர்களின் மூவ்மென்ட்டை (கடிகாரத்தின் உள் இயந்திரத்தை) பார்க்க ஆட்கள் தேடி வருகிறார்கள். படத்தில் அதுவே பிரிட்ஜோடு கலந்து மங்கிக் கிடந்தால், எடுத்த மற்ற எதற்கும் மதிப்பில்லை. இதற்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் செலவிடலாம்.

காரணம் கோணம். சரிவு ஏறக்குறைய 45 பாகையில் இருக்கிறது. கேமரா நேர் மேலிருந்து பார்த்தால், சரிவு லென்ஸுக்குத் திருப்பி அனுப்புவது பக்கவாட்டில், கடிகாரத்தின் தளத்துக்குச் சமமான உயரத்தில் உள்ள வெளிச்சத்தை. ஆனால் மூவ்மென்ட் கேஸுக்குள் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்தில் வரும் ஒளியைக் கேஸின் சுவரே மறைத்துவிடும். மேலே எவ்வளவு பெரிய சாஃப்ட்பாக்ஸ் தொங்கவிட்டாலும் ஒளி பிரிட்ஜின் தட்டையான மேற்பரப்பில்தான் விழும், சரிவு இருட்டாகவே கிடக்கும்.

திருத்தும் முறை இது. எந்தச் சரிவு முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தச் சரிவு கேமராவை நோக்கி வரும்படி கடிகாரத்தை 15 முதல் 20 பாகை சாயுங்கள். 20 பாகை சாய்த்தால், ஒளி மூவ்மென்ட்டின் தளத்துக்கு மேலே 20 பாகை உயரத்திலிருந்து வந்தால் போதும். பெரும்பாலும் கேஸ் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். சரிவு பார்க்கும் அதே பக்கத்தில் டிரேசிங் பேப்பரைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு 20 செ.மீ. பின்னால் ஃபிளாஷை வையுங்கள். எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. தட்டையான பரப்பு அந்தக் கறுப்பைப் பார்த்து அடர்ந்துபோகும். சரிவு வெள்ளைக் கோடாக மேலெழும்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. முதலாவது, எல்லாச் சரிவும் ஒரே நேரத்தில் பளிச்சிட வேண்டும் என்று கடிகாரத்தைச் சுற்றி டிரேசிங் பேப்பரை உருளையாக நிறுத்துவது. எல்லாம் தெரியும்தான், ஆனால் கணினியில் வரைந்த படம் மாதிரித் தட்டையாகிவிடும். உட்கோணம் உள்ள பிரிட்ஜில் இது பெரிய இழப்பு. சுழலும் வெட்டுக்கருவி எப்போதும் ஒரு சிறு வளைவை விட்டுத்தான் செல்லும். உள்நோக்கி மடங்கும் கூர்மையான மூலையை அரத்தையும் மெருகுக் குச்சியையும் பிடித்த கைதான் எடுக்க முடியும். அந்த மூலையில் இரண்டு சரிவுகள் ஒரு மெல்லிய கோட்டில் சந்திக்கின்றன. இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால் அந்தக் கோடு காணாமல் போகும். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல் என்று இருக்க வேண்டும். ஆகவே ஒரு பக்கம் ஃபிளாஷ், மறுபக்கம் வெறும் வெள்ளை அட்டை. அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, மூலைக் கோடு கத்தி முனையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டாவது, ஒளி மூலம் மிகச் சிறியதாக இருப்பது. கையால் எடுத்த சரிவு பல நேரங்களில் மிக மெல்லிய குவிவு கொண்டது. டிஃப்யூசர் இல்லாத விளக்கை அது தலைமயிர் போன்ற ஒரே கோடாகக் காட்டும். சரிவின் அகலமே தெரியாது. டிரேசிங் பேப்பரை அகலப்படுத்தினால் கோடும் அகலும். பேப்பரின் நடுவில் வெளிச்சம் கூடியும் ஓரத்தில் குறைந்தும் இருந்தால் குவிவு தெரியும். ஃபிளாஷைப் பேப்பருக்கு மிக அருகிலோ மிகத் தள்ளியோ வைக்காமல் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பதுதான் இதில் உள்ள கைவேலை.

பிளாக் பாலிஷ் செய்த எஃகு சாம்பலாக அல்லது வெறும் வெள்ளையாக வருகிறது

தகரம் அல்லது துத்தநாகத் தட்டில் மெருகுப் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து முழுத் தட்டையாக்கிய எஃகு அது. ஒளியை எங்கும் சிதறவிடாது, ஒரே திசையில் திருப்பும். அதனால் அதற்கு வெள்ளை, கறுப்பு என்ற இரண்டு நிலைதான். சாம்பலாக வந்தால் அது சாம்பல் நிறப் பொருளைப் பார்க்கிறது என்று பொருள். பெரும்பாலும் உத்தரம் அல்லது சுவர்.

கேமரா சென்சார் அந்தப் பரப்புக்குச் சரியாக இணையாக இருந்தால், அது பார்ப்பது உங்கள் லென்ஸின் முன் கண்ணாடியை. அது இருட்டு, ஆகவே நல்ல கறுப்பு கிடைக்கும். ஆனால் லென்ஸைச் சுற்றி எழுதிய வெள்ளை எழுத்துகளும் ஸ்வான்நெக் ரெகுலேட்டரின் (ஓட்டவேகத்தைத் திருத்த உதவும், அன்னக் கழுத்து போல் வளைந்த எஃகுத் துண்டின்) முதுகில் தலைகீழாக வந்து நிற்கும். மேட் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். பரப்பு சாய்ந்திருந்தால் ஒளி திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்து வெல்வெட்டை அங்கே பிடியுங்கள்.

முழுக் கறுப்பாக விட்டால் வெறும் ஓட்டை மாதிரித் தெரியும். வெல்வெட்டுக்கு அருகே ஒரு விரல் அகல வெள்ளை அட்டையை நுழைத்தால், கறுப்பின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை கூர்மையான எல்லையோடு விழும். அந்த எல்லை நேராக இருந்தால் பரப்பு தட்டை என்பதற்கு அதுவே சான்று. எல்லை நெளிந்தால் முதலில் அட்டை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்டை நேராக இருந்தும் நெளிந்தால் அது பரப்பின் உண்மை நிலை, ஃபோட்டோஷாப்பில் நிமிர்த்தாதீர்கள்.

நீல ஸ்க்ரூவும் நீல முள்ளும் கறுப்பாகத் தெரிகின்றன

எஃகைச் சுமார் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது மேலே படரும் மெல்லிய ஆக்சைடு அடுக்கில் ஒளி குறுக்கிடுவதால் வரும் நீலம் இது, சாயம் கிடையாது. அதற்கு வெள்ளையைக் காட்டினால்தான் நீலத்தைத் திருப்பித் தரும். கறுப்பைக் காட்டினால் கறுப்பு. எக்ஸ்போஷரையோ செறிவையோ கூட்டிப் பயனில்லை.

முள்ளிலிருந்து ஒளி கேமராவுக்குத் திரும்பும் கோணத்தில் வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். ஸ்க்ரூ தலைகள் எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் ஒரே அட்டை எல்லாவற்றுக்கும் போதும். ஒரு ஸ்க்ரூ மட்டும் ஊதாவாக வந்தால், அதன் ஆக்சைடு அடுக்கின் தடிமன் உண்மையிலேயே வேறாக இருக்கலாம். அதை மற்றவற்றோடு ஒத்துப்போகும்படி நிறம் மாற்றுவது கடிகாரத்தைப் பற்றிப் பொய் சொல்வதாகும். கூர்ந்து பார்க்க வேண்டியது ஸ்க்ரூவின் பிளவை: அதன் இரு ஓரங்களும் சரிவு எடுத்துச் சுத்தமாக இருக்கின்றனவா, ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய வெண்கீறல் இருக்கிறதா என்பது 2:1 பெருக்கத்தில் (சென்சாரில் விழும் உருவம் பொருளைப் போல் இரு மடங்கு) தெரிந்துவிடும்.

கண்ணாடிமேல் வெண்படலம்

கடிகாரக் கண்ணாடிக்குப் பயன்படும் சபையரின் ஒளிவிலகல் எண் 1.77. எதிரொளி தடுக்கும் பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் 7.7 சதவீதத்தைத் திருப்பும். உள்பக்கம் மட்டும் பூச்சு உள்ள கடிகாரங்களில் வெளிப்பரப்பின் எதிரொளி அப்படியே நிற்கும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தட்டைக் கண்ணாடியும் தட்டை முள்ளும் இணையானவை. முள்ளுக்கு நீலம் கொடுக்கும் அதே வெள்ளை அட்டை கண்ணாடியிலும் படலம் போடும். இதை முழுதாக ஒழிக்க முடியாது. அட்டையை முள்ளுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சிறிதாக வெட்டுங்கள். மிச்சப் படலத்தைப் பின்னால் மென்பொருளில் கறுப்புப் புள்ளியை (எந்த அளவு முழுக் கறுப்பு என்ற எல்லையை) ஏற்றிச் சரிசெய்யலாம். குவிந்த கண்ணாடி என்றால் கறுப்பு அட்டையைக் கையில் வைத்து, லைவ் வியூ பார்த்துக்கொண்டே மெதுவாக நகர்த்தி, படலம் மறையும் இடத்தில் கிளிப் போடுங்கள்.

போலரைசர் மாட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நேர் மேலிருந்து பார்க்கும்போது அது ஒன்றும் செய்யாது. சபையரில் அதன் முழுப் பலன் 60 பாகைச் சாய்வை ஒட்டித்தான் கிடைக்கும். உலோகத்தின் எதிரொளிப்பை அது தனியாக நீக்காது. விளக்குக்கும் போலரைசர் போட்டுக் குறுக்காகத் திருப்பினாலோ மெருகு முழுவதும் செத்துப்போகும்.

எல்லா இடமும் கொஞ்சம் மங்கல்

முதலில் அப்பர்ச்சரைப் பாருங்கள். 1:1 பெருக்கத்தில் உண்மையான எஃப் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எஃப்/16 வைத்தால் வேலை செய்வது எஃப்/32. அங்கே ஒளி விளிம்புவிலகலால் ஒரு புள்ளி சென்சாரில் 43 மைக்ரான் அகலமுள்ள வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது ஏழு பிக்சல். எஃப்/5.6 என்றால் 15 மைக்ரான்தான். ஆகவே 1:1க்கு எஃப்/5.6, 2:1க்கு எஃப்/4. குவிய ஆழம் போதாதென்று அப்பர்ச்சரை மூடாமல் ஸ்டாக்கிங்குக்கு (குவியத்தைப் படிப்படியாக நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு) போங்கள். நிக்கான் மேக்ரோ லென்ஸ்கள் கேமராவில் உண்மையான எஃப் எண்ணையே காட்டும். வேறு பல தயாரிப்புகள் லென்ஸில் வைத்த எண்ணைக் காட்டும். ஒருவர் சொன்ன எண்ணை அப்படியே உங்கள் கேமராவில் வைத்து ஏமாறுவது இதனால்தான்.

அப்பர்ச்சர் சரி என்றால் அடுத்தது அதிர்வு. 1:1இல் கடிகாரம் 6 மைக்ரான் நகர்ந்தாலே ஒரு பிக்சல் கலைந்துவிடும். கோலாலம்பூர் கொண்டோவில் ஏர்கோன் கம்ப்ரசர், அருகே எல்ஆர்டி ரயில் தடம். ஜார்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் மரத்தளம். சோதனை எளிது: லைவ் வியூவை முழுப் பெருக்கத்தில் நிமிடக் கோடு ஒன்றின்மேல் வைத்து, இன்னொருவரை அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள். கோடு துள்ளினால் கேமராவையும் கடிகாரத்தையும் ஒரே அடித்தளத்தில் பூட்டுங்கள். காப்பி ஸ்டாண்ட் (கேமராவை நேர் கீழ்நோக்கிப் பிடிக்கும் தூணுள்ள பலகை) சிறந்தது, அதையும் கீழ்த்தளச் சிமெண்ட் தரையில் வையுங்கள். தொடர் விளக்கை விட்டு ஃபிளாஷுக்கு மாறினால் பாதிச் சிக்கல் தீரும், அறை இருட்டாக இருக்கும் வரை.

ஸ்டாக்கிங் செய்தால் பேய் முள், ஒளிவட்டம், பட்டை

பேய் முள்ளுக்கு, அதாவது ஒரே முள் பல நிழலாகத் தெரிவதற்கு, காரணம் கடிகாரம் ஓடுவது. நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை நகரும். இரண்டு நிமிடம் எடுக்கும் ஸ்டாக்கில் 12 பாகை போய்விடும். கிரௌனை (பக்கவாட்டுத் திருகை) இழுத்தால் நொடி முள் நிற்கும் வகை என்றால் இழுத்துவிடுங்கள். நிற்காத வகை என்றால் தானாக ஓய விடுவதே வழி. கையால் சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் படம் எடுக்க நாள் குறித்தால், எப்போது கடைசியாகச் சாவி கொடுக்க வேண்டும் என்பதை உரிமையாளரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். ஊசியாலோ பிரஷ்ஷாலோ பேலன்ஸை (முன்னும் பின்னும் ஊசலாடும் சக்கரத்தை) நிறுத்த ஒருபோதும் முயலாதீர்கள்.

பேலன்ஸ் ஓடுவது போலவே வேண்டுமென்றால் கணக்கு இதுதான். மணிக்கு 18,000 அடிப்பு, அதாவது 2.5 ஹெர்ட்ஸ்; வீச்சு 280 பாகை; விட்டம் 10 மி.மீ. என்றால், நடுநிலையைக் கடக்கும்போது விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 380 மி.மீ. வேகத்தில் போகிறது. 1/200 நொடியில் அது கிட்டத்தட்ட 2 மி.மீ. 1/20000 நொடியில் 19 மைக்ரான், அதாவது மூன்று பிக்சல், ஏற்கலாம். பெரிய ஸ்பீட்லைட்டுகள் 1/64 சக்தியில் இந்த வேகத்தை எட்டும். சக்தி குறைவதை ஈடுகட்ட ஃபிளாஷை நெருக்கமாக வைத்து ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றுங்கள். பேலன்ஸை ஒரே ஃபிரேமில் எடுத்து, சுற்றியுள்ளதை ஸ்டாக் செய்து, பிறகு இரண்டையும் பொருத்துங்கள்.

கவனமாகப் பார்த்தால் தெளிவும் மங்கலும் மாறி மாறி வரும் பட்டைகள் தெரிகின்றனவா? படி நீளம் அதிகம். 1:1, எஃப்/5.6க்கு ஒரு படி 0.18 மி.மீ.; 2:1, எஃப்/4க்கு 0.05 மி.மீ. டயலிலிருந்து முள் நுனி வரை 2 மி.மீ. என்றால் 2:1இல் 40 ஃபிரேம். இரு முனையிலும் மூன்று நான்கு ஃபிரேம் கூட எடுங்கள். 1:1 வரை லென்ஸின் குவியத்தை நகர்த்தலாம். அதற்கு மேல் ஃபோக்கஸ் ரெயில் எனும் நகரும் சட்டத்தில் கேமராவை நகர்த்துவது நல்லது.

முள் விளிம்பில் ஒளிவட்டம் வந்தால் மென்பொருளின் முறையை மாற்றுங்கள். ஸெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் டிமேப் முறை மிருதுவான டயலின் நிறத்தைக் காக்கும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று வரும் விளிம்புகளில் தடுமாறும். பிமேக்ஸ் விளிம்புகளை நன்றாகத் தீர்க்கும், ஆனால் நாய்ஸையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிவிடும். இரண்டிலும் ஓட்டி, டயலை டிமேப்பிலிருந்தும் முள்ளை பிமேக்ஸிலிருந்தும் எடுத்துத் தூரிகையால் சேர்ப்பதே நம்பத்தக்க வழி. ஹெலிகான் ஃபோக்கஸில் இதற்கு ஈடானவை முறை பி, முறை சி.

நிறம் ஒட்டவில்லை, அல்லது குறுக்கே கோடுகள்

ஜெர்மன் சில்வர் என்ற உலோகக் கலவையில் செய்த பிரிட்ஜுக்கு லேசான தேன் சாயல் உண்டு. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைத் தப்பென்று எண்ணி எஃகு நிறமாக்கிவிடும். சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து அதைக்கொண்டே சரிசெய்யுங்கள். ஜன்னல் ஒளியும் ஃபிளாஷும் கலக்கக் கூடாது. மஞ்சள் சட்டை அணிந்து பக்கத்தில் நின்றால் பெசலின் ஓரம் மஞ்சளாகும்; கறுப்பு அணியுங்கள்.

எலக்ட்ரானிக் ஷட்டரில் கிடைக்கோடுகள் வந்தால் எல்இடி விளக்கின் துடிப்பு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். டிம்மரால் குறைக்காமல் விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துத் தூரத்தால் குறையுங்கள்.

கியோஷே டயலில் வானவில் வளையங்கள்

இது மோரே: கியோஷேயின் (டயலில் செதுக்கிய நுண்ணிய கோட்டு வடிவத்தின்) கோடுகளும் சென்சாரின் பிக்சல் வரிசையும் மோதி வரும் போலி வடிவம். முதலில் 100 சதவீதத்தில் பாருங்கள். சிறிதாக்கிப் பார்க்கும்போது மட்டும் வந்தால் அது திரையின் வேலை, படத்தில் இல்லை. உண்மையிலேயே இருந்தால் கேமராவை அரை செ.மீ. முன்பின் நகர்த்தியோ கடிகாரத்தைச் சில பாகை திருப்பியோ மீண்டும் எடுங்கள். கியோஷே மட்டுமல்ல, நெருக்கமாக வரும் எந்த நுண்வடிவத்திலும் இது நேரும். கோலாலம்பூரைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் மிங் தெய்ன் முன்னின்று 2017இல் அறிமுகமான மிங் கடிகாரங்களில், 2019 ஜெனீவா கிராண்ட் பிரீ கடிகார விருது விழாவில் விருது பெற்ற 17.06 காப்பரின் செம்பு நிற டயல் நல்ல பயிற்சிப் பொருள்.

வெண்புள்ளிகள், மூட்டம்

ஊதுபந்தால் ஊதுங்கள். போனால் தூசி, கண்ணாடியின் வெளியே ஒட்டியிருந்தால் ரோடிகோ என்ற ஒட்டும் துப்புரவுப் புட்டியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். திறந்த மூவ்மென்ட்டில் நீங்கள் கை வைக்காதீர்கள். அழுத்தக் குப்பிக் காற்று வேண்டாம். குளிர்ந்த திரவத்தைத் துப்பிவிடும். சீலிங் ஃபேனை அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து இந்த வேலை செய்ய முடியாது.

20 பாகை ஏர்கோன் அறையிலிருந்து 32 பாகை வெளியே கொண்டுவந்தால் லென்ஸும் கண்ணாடியும் உடனே மூடிக்கொள்ளும். ஜிப் பையில் போட்டே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். லென்ஸுக்கு டிரை கேபினெட் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கட்டும். மூட்டம் கண்ணாடியின் உள்பக்கம் இருந்தால் நிலைமை வேறு: படப்பிடிப்பை நிறுத்தி, கிரௌனைத் தொடாமல், அன்றைக்கே கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

படம் எடுத்த மறுநாள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது

காந்தம். ஃபிளாஷில் ஒட்டும் காந்த டிஃப்யூசர், காந்த மூடியுள்ள டேப்லெட் உறை, ஸ்பீக்கர் எல்லாம் பேலன்ஸை ஊசலாட வைக்கும் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ஸ்பிரிங் குறுகியது போலாகி, நாளுக்குச் சில நிமிடம்கூட முந்தும். காந்தத் திசைகாட்டியைக் கடிகாரத்தின் பேலன்ஸ் பக்கம் கொண்டுபோங்கள். ஊசி பேலன்ஸின் அடிப்போடு சேர்ந்து துடித்தால் சந்தேகம் உறுதி. காந்தநீக்கி சில நொடியில் வேலையை முடிக்கும், ஆனால் அடுத்தவர் கடிகாரத்தில் அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். உரிமையாளரிடம் உடனே சொல்லி, அவர் வழக்கமாகக் கொடுக்கும் பழுதுபார்ப்பவரிடம் அனுப்புங்கள். இனிமேல் காந்தம் உள்ள எதையும் மேசையிலிருந்து அரை மீட்டருக்கு அப்பால் வையுங்கள். டிஃப்யூசரை வெல்க்ரோவால் கட்டுங்கள்.